வடக்கே வெள்ளை, தெற்கே மை

கானா நாட்டின் மக்கள்தொகைப் பெருக்கமும் வட்டார வாரியான பரவலும் என்பது அந்த நாட்டிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்தவளின் ஆராய்ச்சித் தலைப்பு. என் அம்மாவுக்கும் மக்கள்தொகைப் பெருக்கத்தில் அக்கறை இருந்தது. ஆனால் அந்த அக்கறை என் ஒருத்தியோடு நின்றுவிட்டது. சனிக்கிழமைகளில் சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டுக்குப் போவேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் யாரோ ஒரு மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, நிறம் எல்லாவற்றையும் அம்மா சொல்லி முடித்திருப்பாள். திங்கட்கிழமை திரும்பி வந்தால் சிதம்பரத்து மாடியில் இவள் கானாவைப் பற்றிச் சொல்வாள். இரண்டில் கானாவைக் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

நாங்கள் இருவரும் புவியியலில் ஒரே பேராசிரியரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தோம். நான் வீராணம் ஏரிப் பாசனம். அவள் வந்த புதிதில் அவளுக்கு வீடு தேடித் தரும் வேலையைப் பேராசிரியர் என்னிடம் கொடுத்தார். 'வீடு வாடகைக்கு' என்று போர்டு தொங்கிய வாசல்களில் நாங்கள் போய் நின்றதும் வீடு நிரம்பிவிட்டது. ஒரு வீட்டில் போர்டை எங்கள் எதிரிலேயே கழற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அவள் அதைப் பார்த்து, "இந்த ஊரில் மக்கள்தொகை வேகமாக வளர்கிறது" என்றாள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவள் சிரிக்காமல் பேசுகிறவள் என்று எனக்குத் தெரிய சில நாள் ஆனது.

கடைசியாக ஒரு முஸ்லிம் வீட்டு மாடி. வீட்டுக்காரம்மா பரங்கிப்பேட்டையில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் இறந்துவிட்டார். மகன்களில் ஒருவர் துபாய், ஒருவர் சிங்கப்பூர், இன்னொருவர் சென்னை. கீழ்வீட்டில் அவர் மட்டும் இருந்தார்.

"எந்த ஊரு?" என்று இவளைக் காட்டி என்னைக் கேட்டார்.

"கானா."

"அரபு நாடா?"

"ஆப்பிரிக்கா."

அவர் யோசித்தார். அதற்குள் இவள் சுவரில் மாட்டியிருந்த மக்கா படத்தைப் பார்த்துவிட்டு ஸலாம் சொன்னாள். அவர் திடுக்கிட்டு, முழு பதிலும் சொல்லிவிட்டு, "தொழுவியா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"எல்லா வேளையும் இல்லை" என்றாள்.

நான் அதையும் மொழிபெயர்த்தேன். கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம், தோன்றவில்லை.

"என் மவனுங்களும் அப்புடித்தான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். துணைக்கு நானும் அங்கேயே குடிவர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நான் விடுதிச் சாப்பாட்டிலிருந்து தப்பிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய ஊர் கானாவின் வடக்கே. எங்கள் பகுதிக்காரர்களுக்கு ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே ஊர் என்பதால், வடக்கும் தெற்கும் வேறு என்று அவள் பல பேருக்கு விளக்க வேண்டியிருந்தது. தெற்கே கடல், துறைமுகம், கோக்கோ, தலைநகரம் அக்ரா. வடக்கே புல்வெளி, ஒரே ஒரு மழைக்காலம், அது முடிந்தால் புழுதிக்காற்று. வேலை தேடுகிறவர்கள் தெற்கே போகிறார்கள். பெருக்கம் எல்லா இடத்திலும் நடந்தாலும், பெருகியவர்கள் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அவளுடைய ஆராய்ச்சியின் சாரம் அதுதான்.

"உங்க ஊருல புள்ளைங்க ஜாஸ்தியாமே?" என்று டீக்கடைக்காரர் ஒருநாள் என் வழியாகக் கேட்டார்.

"நீங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்னு கேக்குறா" என்றேன்.

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து, டீ ஆற்றுகிற குவளையையும் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எங்களுக்கு டீ மட்டும் கொடுத்தார்.

பேராசிரியருக்குப் புள்ளி வரைபடம் மேல் ஒரு பிடிவாதம் உண்டு. இத்தனை ஆட்களுக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டு நாடு முழுக்கப் புள்ளி வைத்து நிரப்புவது. துறையில் இருந்த ஒரே நல்ல கம்ப்யூட்டருக்கு எப்போதும் ஆள் காத்திருந்தார்கள். ஆகவே நான் மைப்பேனாவால் வரைந்து கொடுத்தேன். சின்ன வயதிலிருந்து கோலம் போட்ட கை. அக்ராவைச் சுற்றிப் புள்ளிமேல் புள்ளி விழுந்து ஒரு மைக்கறை ஆகிவிட்டது. வடக்கே தாள் வெள்ளையாகவே இருந்தது.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பார்த்தார். "வடக்குல ஆளே இல்லையாம்மா?"

"எங்க அம்மா இருக்காங்க சார்" என்றாள்.

"ஒரு புள்ளிக்கு அவங்க மட்டும் போதாதே" என்றார். அவரும் சிரிக்காமல் பேசுகிறவர்தான். இருவருக்கும் ஒத்துப்போனது.

ஒத்துப்போகாதது இடப்பெயர்ச்சி அத்தியாயத்தில்தான். மற்ற எல்லாவற்றையும் சொன்ன நாளில் எழுதிக் கொடுப்பவள், அதை மட்டும் தள்ளிக்கொண்டே போனாள். வடக்கிலிருந்து இளம்பெண்கள் அக்ராவுக்குப் போய்ச் சந்தைகளில் தலைச்சுமை தூக்குகிறார்கள், பெரிய அலுமினிய பேசின் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு கூப்பிடுகிறவர்களுக்குப் பின்னால் நடக்கிறார்கள், சந்தையிலேயே படுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"ஏன் போறாங்கன்னு எழுதலையே" என்றார் பேராசிரியர்.

"தெரியலை சார்."

"யாரையாவது கேக்கலாமே. அப்படிப் போனவங்க யாரையாவது தெரியுமா?"

"என் தங்கச்சி போனா" என்றாள். "கேக்கத்தான் நினைக்கிறேன். எங்கே இருக்கான்னு தெரியலை."

பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார். அந்த அத்தியாயத்தைப் பற்றி அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது மீதியைச் சொன்னாள். அறுவடை முடிந்த கையோடு தங்கை ஒரு லாரியில் ஏறி அக்ராவுக்குப் போயிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பாத்திரம் பண்டம் சேர்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். ஊரில் சலிப்பாக இருக்கிறது என்பது இன்னொன்று. முதலில் யார் யாருடைய போனிலிருந்தோ கூப்பிடுவாள். பிறகு அது நின்றுவிட்டது. மாதக்கணக்கில் தகவல் இல்லை. அம்மாவிடம் போன் கிடையாது. பக்கத்துக் கடைக்காரருடைய போனில் கூப்பிட்டால் அவர் போய் அழைத்து வருவார். ஒவ்வொரு முறையும் அம்மா முதலில் கேட்பது, அவள் பேசினாளா என்று. இந்தியாவில் இருக்கும் மகளுக்குத் தெரிந்திருக்கும் என்று அம்மா நம்பினார். படித்தவள் என்பதால்.

வீட்டுக்காரம்மாவிடம் நான் சொன்னேன். அவர் அன்றிலிருந்து தொழுகை முடிந்ததும் அந்தப் பெண்ணுக்காகவும் துஆ கேட்டார். பெயர் வாயில் நுழையாததால் "அந்தச் சின்னப் பொண்ணு" என்றுதான் கேட்டார். "அல்லாவுக்கு வெளங்கும்" என்றார்.

அந்த வருஷம் கானாவில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். இவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி அக்ராவில் ஆசிரியையாக இருந்தாள். நம் ஊர் போலவே அங்கும் ஆசிரியர்கள் தலையில்தான் கணக்கெடுப்பு விடியும். வீட்டில் இருப்பவர்களை எண்ணுவது தவிர, வெளியில், சந்தையில், பஸ் நிலையத்தில் படுப்பவர்களையும் எண்ணியாக வேண்டும். தோழிக்கு அந்தப் பகுதி விழுந்திருந்தது. இவள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவளுக்கு எழுதினாள். தங்கையின் பெயர், ஊர், ஷியா என்ற மரத்தின் கொட்டையிலிருந்து வெண்ணெய் காய்ச்சும்போது கொதி தெறித்து இடது முழங்கையில் வந்த தழும்பு. அந்தப் பெயரில் சந்தையில் பாதிப் பேர் இருக்கிறார்கள், தழும்பைப் பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பலகை வைத்து மறைத்த சின்னச் சின்ன அறைகள். பக்கத்து அறையில் யாராவது பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள், நான் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் அந்தத் தோழி இணையத்தில் கூப்பிட்டாள். இவள் தன் மொழியில் ஏதோ கேட்டாள். மறுபடி அதையே கேட்டாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"கிடைச்சுட்டா. ரெண்டு பேர்."

"கூட யாரு?"

"பையன். பொறந்து கொஞ்ச நாள்தான் ஆகுது."

தோழி சந்தையில் ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு கடையின் மூடிய கதவோரம் பேசினுக்குள் துணி விரித்துக் குழந்தையைப் போட்டிருந்த பெண்ணிடம், எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறாள். "நானும் இவனும்" என்று சொன்னவளின் முழங்கை விளக்கு வெளிச்சத்தில் தெரிந்திருக்கிறது. தங்கைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆகாமல் பிள்ளை வந்துவிட்டது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போன் செய்வதை நிறுத்தியிருக்கிறாள். அவ்வளவுதான். கணக்கெடுக்க வந்தவர்கள் வீட்டில் போய்ச் சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

இவள் தெருவில் நடக்கும்போது அழுதாள். நான் முதல்முறையாகப் பார்த்தேன். அழுகிறபோதும் முகம் மாறவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. கீழ வீதி முனையில் ஒரு பூக்காரி, "என்னாம்மா, ஊரு நெனப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு முழம் பூவை அவள் கையில் வைத்தாள்.

வீட்டுக்காரம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம். கல்யாணம் ஆகாததை விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவளே அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "தங்கச்சி இருக்கு. பாப்பா இருக்கு. மாப்ள இல்ல."

அவர் "பாப்பாக்குப் பால் இருக்காமா?" என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் சுக்கு, திப்பிலி, பூண்டு, நல்லெண்ணெய், கருப்பட்டி எல்லாம் போட்டுப் பிரசவ மருந்து கிண்டினார். வீடு முழுக்க நெடி. அதை அக்ராவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். சுங்கத்தில் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நான் சொன்னேன்.

"பாக்கட்டும். அவுங்க வூட்லயும் யாராச்சும் புள்ளத்தாச்சி இருப்பாங்க."

தபால் நிலையத்தில் அதை வாங்கவில்லை. டப்பாவை அழுத்திப் பார்த்து, மோந்து பார்த்து, எண்ணெய்ப் பண்டம் போகாது என்றார்கள். வீட்டில் வீணாக்கக் கூடாது என்று நாங்கள் இருவரும் வாரக்கணக்கில் அதைச் சாப்பிட்டோம். நான் மஞ்சக்குப்பத்துக்குப் போனபோது அம்மா என் முகம் தெளிந்திருக்கிறது என்றாள். காரணத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளை பெறாமலே பிரசவ மருந்து சாப்பிடுகிற பெண்ணை என்ன சொல்லுவது என்று அப்பாவிடம் முறையிட்டாள்.

வடக்கில் இருந்த அம்மாவிடம் இவள் போனில் சொன்னாள். கடைக்காரர்தான் போனை வாங்கி, உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்றார். சில நாள் கழித்து அதே கடைக்காரரிடமிருந்து தகவல் வந்தது. அம்மா ஒரு டின் ஷியா வெண்ணெயும் ஒரு மூட்டைத் தானியமும் எடுத்துக்கொண்டு அக்ராவுக்கு பஸ் ஏறிவிட்டார். வாழ்நாளில் முதல்முறை.

மகளைப் பார்த்ததும் அம்மா திட்டவில்லையாம். குழந்தையை வாங்கி, உடம்பு முழுக்க வெண்ணெய் தேய்த்து, வெயிலில் காட்டினாராம். பிறகு உட்கார்ந்து நிதானமாகத் திட்டினாராம்.

தங்கை ஊருக்குத் திரும்ப மறுத்துவிட்டாள். தோழியின் உறவில் ஒரு தையல் கடை இருந்தது. அங்கே சேர்ந்துகொண்டாள், கடைக்குப் பின்னாலேயே ஓர் அறை. அம்மா சில மாதம் கூட இருந்துவிட்டு, அங்கே காற்றே இல்லை, எல்லாம் ஆட்கள்தான் என்று சொல்லி வடக்கே போய்விட்டார். தங்கையிடம் இவள் வாரம் ஒருமுறை பேசினாள். ஏன் போனாய், யாரோடு போனாய், மழை பொய்த்ததா, சலிப்பா என்று எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். தங்கை மற்ற பெண்களையும் போனுக்குக் கூப்பிட்டுப் பேச வைத்தாள். இடப்பெயர்ச்சி அத்தியாயம் ஆராய்ச்சியிலேயே நீளமானதாக அமைந்தது. பேராசிரியர் குறைக்கச் சொல்லவில்லை. எழுத்துப்பிழைகளைத் திருத்தித் தந்து, "குழந்தை உக்காருதா?" என்று மட்டும் கேட்டார்.

இங்கேயும் கணக்கெடுப்பு வந்தது. ஓர் ஆசிரியர் பையோடு வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். வீட்டுக்காரம்மா தன்னையும் மூன்று மகன்களையும் சொன்னார்.

"இங்க குடியிருக்கவங்க மட்டும்மா."

"நான் பெத்து வளத்தது. துபாய்க்காரன் கணக்குல ஏத்திக்குவானா?"

"அது ரூல்ஸ்ம்மா."

"அப்ப என் ஒருத்திய எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆசிரியர் மாடிக்கு வந்தார். இவளுடைய தாய்மொழி என்ன என்று கேட்டார். தக்பானி என்றாள். அவர் அதை எழுதக் கொஞ்சம் சிரமப்பட்டார். இந்த ஊருக்கு வந்த காரணம் என்ற கேள்விக்கு இவள் படிப்பு என்றாள். நான் கடலூரிலிருந்து வந்தவள், நானும் படிப்பு என்றேன். கல்யாணம் இன்னும் ஆகவில்லையா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியும் அவர்களுடைய தாளில் இருந்தது. என் அம்மா அனுப்பி வைத்தவர் இல்லை.

அவளுடைய வாய்மொழித் தேர்வு முடிந்து ஊருக்குக் கிளம்பினபோது, அக்ராவில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அதைச் சொல்ல வடக்கே கூப்பிட்டாள். அப்போது அம்மாவிடம் சொந்த போன் வந்துவிட்டது. பேசி முடிக்கும் நேரத்தில் வீட்டுக்காரம்மா கையை நீட்டினார்.

"குடு, நான் பேசுறேன்."

"அவுங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா" என்றேன்.

"எனக்கும் அவுங்க பேச்சு தெரியாது."

ஸலாம் சொன்னார். அந்தப் பக்கமிருந்தும் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மறுபடி அதையே சொன்னார். இடையில் தமிழில், "மூணும் வெளியூர்தான்ம்மா, இருக்கட்டும், நல்லாருக்கட்டும்" என்றார். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ சொன்னார்கள். இவர் தலையை ஆட்டினார். "மாஷா அல்லாஹ்" என்றார். கொஞ்சம் சிரித்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று இவள் தமிழில் கேட்டாள்.

"முழங்கால் வலிங்குறாங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

அவளும் போனில் தன் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள். சரிதான் என்று சொன்னார்களாம்.