நெசவாளி மகள் போட்ட கணக்கு

எண்பதுகளின் நடுவில், நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கு ஒரு கணிப்பொறி வந்தது. தலைமையாசிரியர் அதற்குக் குங்குமம் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போகவேண்டும் என்றார். அது போடும் மதிப்பெண்ணை வைத்தே பிள்ளைகளை நாலாம் வகுப்பில் ‘ஏ’, ‘பி’ என்று பிரிக்கப்போவதாகவும் அறிவித்தார். ‘பி’ பிரிவுக்குப் பாதி நாள் வாத்தியாரே வரமாட்டார்.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், “உங்க ஊருக்காகவே போட்ட கணக்கு” என்று பெருமையடித்துக்கொண்டு, திரையில் இருந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னார்: ஒரு தறியில் தினம் இரண்டு லுங்கி நெய்தால், முப்பது நாளில் எத்தனை?

அம்மையார்குப்பத்து நெசவாளியின் மகள் 58 என்று அழுத்தினாள். பெட்டி கீச்சென்று கத்தியது.

“ஏம்மா, ரெண்டாம் வாய்ப்பாடுகூட வராதா?”

“வரும் சார். அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டாங்க சார். எங்க நைனா அன்னிக்கு ஊர் சுத்திகினு இருப்பாரு.”

“மிஷின் தப்பு சொல்லாதும்மா.”

தலைமையாசிரியரும் பலமாகத் தலையாட்டினார். அமாவாசையில் முகச்சவரம்கூடச் செய்துகொள்ளாத மனிதர் அவர்.

பிரிவுப் பட்டியல் எழுதுவது என் வேலை. அவள் பெயரை ‘ஏ’ பிரிவில் எழுதி அவரிடம் நீட்டினேன்.

“மிஷின் பூஜ்யம் போட்டுச்சேய்யா?”

“அதுக்குப் பஞ்சாங்கம் தெரியாதுங்க சார்.”

முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.