சம்பந்தியின் மெயிலை நிறுத்தினேன்

தொண்ணூறுகளின் கடைசியில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள் என்பதால் இன்டர்நெட் என் பொறுப்பு. போன் லைனில் மோடத்தை மாட்டி, அது கீச்சிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, மெயில்களை இறக்கி, அச்செடுத்து முதலாளியின் மேஜையில் வைக்க வேண்டும்.

முதலாளி தங்கமான மனுஷன். அதுதான் தொல்லை. வழுக்கையில் முடி முளைக்கும் தைலம், வீட்டிலிருந்தே கோடீஸ்வரனாகும் வழி என்று ஊர் பேர் தெரியாதவர்கள் அனுப்பும் விளம்பரங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படிப்பார். "ஊடு தேடி வந்த கடுதாசி அம்மணி. பதில் போடாம உட்டா நல்லாவா இருக்கும்?" என்பார். 'தங்கள் அன்பான கடிதம் கிடைத்தது. தற்சமயம் எங்களுக்குத் தைலம் தேவைப்படவில்லை' என்று நான் ஆங்கிலத்தில் அடித்து அனுப்ப வேண்டும். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் தைலக்காரன் தன் கூட்டத்தையே கூட்டி வந்தான். பத்து வந்த இடத்தில் நாற்பது வந்தது.

அதைவிடப் பெரிய இம்சை சூலூரில் இருந்தது. முதலாளி மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்பந்தி, விசைத்தறிக்காரர். புதிதாக ஸ்கேனர் வாங்கியிருந்தார். தினமும் காலையில் தன் துணி மாதிரிகளை ஸ்கேன் செய்து, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புவார். பம்பு செய்கிற எங்களுக்குத் துண்டும் லுங்கியும் எதற்கு? அந்த ஒரு மெயில் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். பாதியில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் எங்கள் மெயில் பெட்டி நிரம்பி, பின்னால் வருவதெல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

அப்படித்தான் அது நடந்தது. எங்களிடம் முதல்முறையாகப் பம்பு கேட்டிருந்த வெளிநாட்டுக்காரர் ஒரு திங்கட்கிழமை ஃபேக்ஸ் அனுப்பினார். பம்பின் வரைபடத்தில் திருத்தம் இருக்கிறது, இரண்டு முறை மெயிலில் அனுப்பியும் திரும்பி வந்துவிட்டது, இன்னொரு முறை அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார். வரைபடத்தை ஃபேக்ஸில் வாங்கினால் கோடுகள் கலங்கிவிடும். மெயிலில்தான் வந்தாக வேண்டும். அந்த ஆர்டரை நம்பித்தான் கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்டே ஆரம்பித்திருந்தார்கள். தைலத்துக்கும் லுங்கிக்கும் உட்கார இடம் கொடுத்துவிட்டு, சோறு போடுகிறவரைத் தெருவில் நிறுத்தியிருக்கிறோம்.

மெயில் புரோகிராமில் வேண்டாதவற்றைத் தடுக்கும் வசதி ஒன்று இருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. தலைப்பில் இன்ன இன்ன வார்த்தை இருந்தால் இறக்காமலே அழித்துவிடு என்று வரிசையாகப் போட்டேன். பிறகு சம்பந்தியின் முகவரியை அடித்தேன். ஒரு நொடி கை நின்றது, பொய் சொல்ல மாட்டேன். அவருக்கும் அதையே போட்டேன். தைலக்காரர்களுக்குப் பதில் எழுதுவதையும் அன்றோடு விட்டேன்.

புதன்கிழமை சம்பந்தி நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, ரெண்டு நாளா உங்க பதிலையே காணமுங்க?"

முதலாளிக்கு விஷயம் தெரியாது. "லைன் செரியில்லீங்க. ஒண்ணுமே வர்றதில்லீங்க" என்று சமாளித்தார்.

"அப்பிடிங்களா? அப்ப இனிமே காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா அனுப்பிப்போடறனுங்க. ஒண்ணாச்சும் வந்து சேருமுங்கல்ல."

வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். "அனுப்பாதீங்க. லைன் நல்லாத்தானுங்க இருக்குது. நான்தான் நிறுத்திப்போட்டனுங்க" என்றேன்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். முதலாளியின் முகம் சிவந்துவிட்டது.

"பொண்ணைக் குடுத்த எடம் அம்மணி. இப்பவே அந்தத் தடையை எடுத்துப்போடு."

"மாட்டனுங்க. வேலையை உட்டுப் போகச் சொன்னீங்கன்னா இப்பவே போறனுங்க. ஆனா அந்த வெளிநாட்டுக்காரரு மெயில் மறுக்காவும் திரும்பிப் போச்சுன்னா, ரெண்டாம் ஷிஃப்ட் ஆளுங்களுக்கு நீங்களே சொல்லிக்கோங்க."

அவர் விருட்டென்று தன் அறைக்குள் போனார்.

வியாழக்கிழமை காலையில் வரைபடம் நான்கே நிமிடத்தில் இறங்கியது. முதலாளி அதை வாங்கிப் பார்த்தார், ஃபோர்மேனைக் கூப்பிட்டு வேலையைச் சொன்னார், அன்றைக்கே பதிலும் அனுப்பச் சொன்னார். எனக்கென்று ஒரு நல்ல வார்த்தை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"இனி எடுத்துப்போடலாமில்ல அம்மணி?"

"எடுக்கறதா இல்லீங்க."

"செரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் கேட்கவே இல்லை.

அந்தத் தை மாதம் சம்பந்தி வீட்டில் இன்னொரு கல்யாணம். எங்கள் ஆபீஸுக்கு வந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தார். என் மேஜையை மட்டும் தாண்டிப் போனார். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் படியிறங்கியதும் மோடத்தைப் போட்டேன். வழக்கம்போல எல்லோருக்குமாகக் காலையில் அவர் அனுப்பியிருந்த மெயில் இறங்காமலே அழிந்தது.