மணி அடிக்காத நாட்கள்

உத்திரமேரூர்ப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிக்குன்குனியாவும் மின்வெட்டும் சேர்ந்து வந்த வருடத்தில், செமஸ்டருக்கு எப்படித் தயாராவது என்று பல்கலைக்கழகம் இரண்டு சுற்றறிக்கைகள் அனுப்பியது. கொசு ஒழியத் தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்து கழுவச் சொன்னது முதலாவது. கழுவினோம். மின்சாரத்தை மிச்சப்படுத்த மோட்டார் போடுவதைக் குறைக்கச் சொன்னது இரண்டாவது. குறைத்தோம். தொட்டி நிரம்பவில்லை, கழிப்பறைகளைப் பூட்டினோம். ‘ஆயத்தப் பணிகள் நிறைவு’ என்று பதில் எழுதியது நான்தான். இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தவர் ஒரே அதிகாரி.

திறப்பு நாளை மட்டும் தள்ளிவைக்கக் கூடாது என்றார்கள். பாதி ஆசிரியர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். கல்லூரி திறந்தது.

பத்தாம் நாள் காலை ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து ஒருவர் வந்தார். கூலி வேலை செய்பவர். அவருக்கும் அந்தக் காய்ச்சல் வந்து போயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியாது என்று நின்றே பேசினார். அவருடைய மகளுக்கு எங்களிடம் இடம் கிடைத்திருந்தது. அந்தக் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் ஆள் அவள்.

“பொண்ணால எந்திரிக்க முடியல சார். முட்டியெல்லாம் வீங்கிக்கினு கீது. இன்னும் நாலு நாளு குடுத்தா தூக்கியாந்துடுவேன்.”

விதி எனக்கு மனப்பாடம். புதிய மாணவர் பத்து வேலை நாட்களுக்குள் நேரில் வந்து சேர்க்கைப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். இல்லையென்றால் இடம் போய்விடும். நோய்க்கு விலக்கு இல்லை. விதி எழுதியவருக்கு மூட்டு நன்றாக இருந்திருக்க வேண்டும்.

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு முதல்வர் அறைக்குப் போனேன். அந்த இடத்துக்கு வேறொரு மாணவரின் பெயர், அவருக்கு வேண்டியவர் யாரோ கொடுத்தது, மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஏற்கெனவே இருந்தது.

“இன்னிக்கோட பத்து நாள் முடியுது” என்றார் முதல்வர்.

“பத்து நாள் முடியுது சார். பத்து வேலை நாள் முடியல.”

விதிக் கையேட்டைப் பிரித்துக் காட்டினேன். மணி அடித்து ஐந்து பாடவேளை நடந்தால்தான் அது வேலை நாள். எங்கள் மணி மின்சார மணி. திறந்ததிலிருந்து நான்கு நாட்களில், கரண்ட் போய்ப் போய் வந்ததால், ஐந்து முறையும் முழுதாக அது அடிக்கவில்லை.

பாடம் நடந்ததே என்றார். நடந்தது, மணி அடிக்கவில்லை என்றேன். பழைய தண்டவாளத் துண்டைத் தட்டியிருக்கலாமே என்றார். மின்மணி வாங்கிய பெருமையில் போன வருடம் அவரே போட்ட உத்தரவை மேலே வைத்தேன். ‘இனி மின்மணி ஒலி மட்டுமே செல்லும், தண்டவாளத்தைத் தட்டுவது ஒழுங்கீனம்.’

“நீங்க யாருக்கு வேலை செய்றீங்க?”

“கையேட்டுக்கு சார்.”

பணி நாள் பதிவேட்டில் அந்த நான்கு நாட்களையும் சிவப்பு மையால் அடித்து ‘மின்தடை, வேலை நாள் அல்ல’ என்று எழுதி நீட்டினேன். மறுத்தால் அவர், மின்சாரம் இல்லாமல் மின்மணி எப்படி அடித்தது என்று பல்கலைக்கழகத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். தாள் கிழியும் அளவுக்கு அழுத்திச் சுருக்கொப்பம் போட்டார். எனக்குத் தேவை ஒப்பம்தான்; தாளை ஒட்டிக்கொண்டேன். வெளியே காத்திருந்த அப்பாவிடம் நான்கு நாள் கிடைத்ததைச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நான்கு நாளும் மணி ஒழுங்காக அடித்தது. கடைசி நாள் பிற்பகல், பக்கத்து வீட்டுக்காரரின் டிவிஎஸ் ஐம்பதில் அப்பாவும் மகளும் வந்தார்கள். என் மேசை வரை அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

பேனாவைக் கொடுத்தேன். விரல் மடங்கவில்லை, இரண்டு முறை நழுவியது. கை முடியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம், கண்காணிப்பாளர் சான்றளித்தால் போதும் என்று விதி இருக்கிறது. மைப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் அதை மூடினாள்.

“கைநாட்டு வேணாம் சார். எங்க வூட்ல எல்லாரும் வெச்சாச்சு.”

பேனாவை உள்ளங்கையில் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடிக்க நெடுநேரம் ஆனது. வாசலில் நின்றவருக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒப்பம் கட்டத்துக்குள் அடங்காமல், பக்கத்தில் இருந்த ‘முதல்வர் குறிப்பு’ என்ற கட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டது.

பதிவேட்டில் அடித்துத் திருத்தக் கூடாது என்பது விதி. அப்படியே விட்டுவிட்டேன்.