தையற்கூடம் நிரம்பி வழிந்த நாள்

ஆப்பிரிக்காவின் நடுவில், எந்தப் பக்கம் போனாலும் அடுத்தவன் எல்லையில் முட்டிக்கொள்ளும் ஒரு குட்டி நாட்டில், சட்டை தைக்கும் கம்பெனியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார் ரேடியோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாயை மூடத் தெரியாதவர் என்பதால் தெருக்காரர்கள் வைத்த பெயர் இது; அதுவே நிலைத்துவிட்டது.

வெளிநாட்டுக் கடைகள் அனுப்பும் ஆட்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. எந்த நாட்டில் சட்டை தைத்து வாங்கினால் கட்டுப்படியாகும் என்று நாடு நாடாகப் போய் நோட்டம் பார்ப்பது அந்த ஆட்களின் உத்தியோகம். வந்ததும் துறைமுகம் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். கடல் பக்கத்து நாட்டில் இருக்கிறது, லாரி எல்லையில் வரிசை கட்டி நிற்க வேண்டும் என்று தெரிந்ததும் முகம் சுண்டிவிடும். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கையைக் குலுக்குவார்கள். சொல்லி அனுப்பியவர் ஒருவரும் இல்லை. கடல் இல்லாதது ஏதோ தன் வீட்டார் செய்த தப்பு மாதிரி ரேடியோ பொங்குவார். கடல் இருந்தால் புயலும் வரும் சார் என்று நாட்டுக்காக வழியெல்லாம் வக்காலத்து வாங்குவார்.

இந்தத் தடவை முதலாளி எல்லோரையும் கூட்டிவைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். கையில் இருக்கும் வேலை இந்த மாதத்தோடு தீர்கிறது. அடுத்து நோட்டம் பார்க்க வரப்போகிற வெளிநாட்டு அம்மாவும் கைவிரித்துவிட்டால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அங்கே காலர் தைப்பவள் ரேடியோவின் மனைவி. வீட்டு அடுப்பு பெரும்பாலும் அவள் சம்பளத்தில்தான் எரிந்தது.

பாதிக் கூடம் காலியாகக் கிடந்தது. ஈ ஓட்டுகிற இடத்துக்கு எவன் ஆர்டர் தருவான் என்று முதலாளி புலம்பியபோது, யோசனை சொன்னது சாட்சாத் நம் ரேடியோதான். சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டால் தீர்ந்தது. முதலாளிக்கு ஏக சந்தோஷம். கூடவே ஒரு கட்டளையும் போட்டார்: காரில் அந்த அம்மாவிடம் ரேடியோ மூச்சு விடக்கூடாது.

அன்று கூடம் திமிலோகப்பட்டது. ரேடியோவின் கொழுந்தியாள், மச்சான்கள், மச்சானின் மாமனார் வரை யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தார்கள். மாமனார் ஒரே கந்தலைக் காலை முழுக்க மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். கொழுந்தியாள் வேகம் காட்டுகிறேன் பேர்வழி என்று தன் சட்டைக் கையையும் துணியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டாள். ஊசியைத் தூக்கத் தெரியாததால் எழுந்திருக்கவும் முடியவில்லை. அந்த அம்மா கடந்து போனபோது பல்லை மட்டும் காட்டினாள். நல்லவேளை, அம்மா நிஜமாகத் தைப்பவர்கள் வரிசையில்தான் அதிக நேரம் நின்றார். ரேடியோவின் மனைவி தைத்த காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிரமாதம் என்றார்.

திரும்பும்போது காரில் அந்த அம்மா தன் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"தையல் சுத்தம். துறைமுகம் தூரம்தான், ஆனா கணக்கு போட்டுப் பாத்தேன், கட்டுப்படியாகுது. ஒரே சிக்கல், ஒரு மிஷின்கூட காலி இல்ல. நம்ம வேலைய எங்க வெச்சு தைப்பாங்க? வேற நாடு பாக்கலாம்."

கடல் இல்லாததையே தாண்டி வந்த ஆர்டர், மச்சானின் மாமனார் மேல் தடுக்கி விழுந்துவிட்டது. வாயைத் திறந்தால் தன் வேலை போகும்; திறக்காவிட்டால் மனைவி வேலை போகும். கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பிறகு ஓரமாக நிறுத்தினார்.

"மேடம், அங்க பாதிப் பேரு எங்க வீட்டு ஆளுங்க. என் கொழுந்தியாளுக்கு ஒரு பட்டன்கூட தைக்கத் தெரியாது. நீங்க பாத்த காலர் மட்டும் நெசம். அது என் பொண்டாட்டி தெச்சது."

அம்மா வண்டியைத் திருப்பச் சொன்னார்.

கூடத்தில் பாதி மிஷின்கள் அதற்குள் காலி. எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று முதலாளி ஆரம்பித்தார். மூலையில் ரேடியோவின் மனைவி ஒருத்தி மட்டும் கத்தரிக்கோலால் தங்கையைத் துணியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் சொன்னதை அம்மா ஒன்றுவிடாமல் எல்லோர் எதிரிலும் போட்டு உடைத்தார். போகிற நாட்டிலெல்லாம் பொய்தான் சொல்கிறார்கள், விமானம் ஏறுவதற்குள் உண்மை வந்தது இங்கேதான் என்று சொல்லி, காலி மிஷின்களை எண்ணி, அத்தனைக்கும் வேலை கொடுத்தார். ஆள் பற்றாமல் முதலாளி அந்தச் சொந்தக்காரர்களையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அம்மாவின் விமானம் கிளம்பியதும் ரேடியோவிடமிருந்து கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்து, சாவி பறிபோன கதையை ரேடியோ சொல்லி முடித்தார். மனைவி தலை நிமிரவில்லை.

"வேலை போனா வேற வேலை. ஆனா என் தங்கச்சிக்குப் பட்டன் தைக்கத் தெரியாதுன்னு முன்னபின்ன தெரியாத பொம்பளகிட்ட சொல்லியிருக்கீங்க. நாளைக்கு அவ என் பக்கத்து மிஷின்ல வந்து உக்காருவா. அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?"

சொல்லிக்கொண்டே தன் தட்டில் இருந்ததில் பாதியை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.