பாலாடை தின்ற பூனை

பூனைக்குச் செல்லம் கொடுத்தே அதன் உடம்பைக் கெடுத்த மகாபுத்திசாலி நான். யுத்தகாலத்தில், மயிலாப்பூரில் பால் கிடைப்பதே பெரிய பாடாக இருந்தபோது, என் காப்பிப் பாலின் ஆடையை எடுத்துத் தினமும் அதற்கு ஊட்டினேன். நாளடைவில் அது எலியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தயிர்சாதத்தையும் ஒதுக்கியது. ரோமம் உதிர்ந்து, எலும்பு தெரிந்தது.

மீன் கொடுத்தால் பிழைக்கும் என்று ஆபீஸில் சொன்னார்கள். எங்களுடையதோ, மீன் என்ற சொல்லே நுழையாத ஒண்டுக்குடித்தன வீடு. ஆனாலும் குப்பத்தில் கொஞ்சம் நெத்திலி வாங்கி, இலையில் சுற்றிப் பையில் ஒளித்துக் கொண்டுவந்தேன். கிணற்றடியின் பின்னால் உட்கார்ந்து, பாலாடையில் பிசைந்து வைத்தேன்.

பூனை முகர்ந்துவிட்டு என்னையே பார்த்தது. வேறு வழியில்லாமல் நானும் ஒரு மீனை வாய்க்கருகே கொண்டுபோய், மென்று ருசிப்பதுபோல் பாவனை செய்தேன். பூனை தின்னத் தொடங்கியது. சந்தோஷத்தில் இன்னும் பலமாகச் சப்புக்கொட்டினேன்.

நிமிர்ந்தால், பக்கத்துக் குடித்தனக்காரர் குடத்தோடு நிற்கிறார். "பூனைக்காகத்தான்..." என்று இழுத்தேன். மீன் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"சாப்பிடறதுன்னா சாப்பிட்டுட்டுப் போம் ஓய்," என்றார் அவர். "வாயில்லாத ஜீவன் மேல ஏன் பழியப் போடறீர்?"