உள்ளங்கையில் போட்ட சுழி

எழுபதுகளின் தொடக்கம். சட்டக் கல்லூரியில் சேர நேர்முகத்துக்கு முன்னால் ஒரு எழுத்துப் பரீட்சையும் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாடம் தெரியாத பயமல்ல. தெரிந்ததைத் தப்பாக எழுதிவிட்டு வருவதில் எனக்கு இணையான ஆள் அருப்புக்கோட்டை வட்டாரத்திலேயே கிடையாது.

எங்களுக்கு நெசவு நூல் விற்கிற கடை. அப்பா கல்லாவில் இருந்தபடியே, கடைக்கு வருகிறவர்களெல்லாம் கேட்கும்படி சொல்வார்: "நாப்பதாம் நம்பர் நூல் கேட்டவுகளுக்கு இருபதாம் நம்பர ஏத்தி அனுப்புன ஆளு இவன். இவன நம்பி எவன்யா கேஸக் குடுப்பான்?"

இடம் கிடைக்காவிட்டால் நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. உட்கார மெத்தைகூடத் தைத்து வைத்துவிட்டார். அதைக் கண்டாலே நான் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவேன்.

என்னோடு பரீட்சை எழுத இருந்தவன் பக்கத்து ஊரான பரளச்சிக்காரன். காலேஜில் கூடப் படித்தவன். வானத்தைப் பார்த்து விதைக்கிற குடும்பம், அதனால் எதற்கும் பதற மாட்டான். மாதிரிக் கேள்விகளுக்கு நான் எழுதிய தாள்களை வாங்கினான். பதில்களைப் படிக்கவே இல்லை.

"ஏலே, எல்லாத் தாள்லயும் மேல பிள்ளையார் சுழி போட்டிருக்க?"

"போடாம எப்பிடிலே எழுத?"

"தாள்ல அடையாளம் எதும் இருந்தா செல்லாதுன்னு அச்சடிச்சிருக்கான். ஒங்க கடை பில்லுன்னு நெனச்சியா?"

தூக்கமும் போயிற்று. பேனாவை வைத்தால் என் கை தானாகச் சுழித்துக் கீழே கோடும் இழுத்துவிடும். கடைக்காரன் வீட்டுக் கை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதிப் பழகினேன். சுளுக்கு என்று நினைத்து அம்மா விளக்கெண்ணெய் தடவிவிட்டார்.

கடைசியில் மதுரைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு யோசனை உதித்தது. சுழியை இடது உள்ளங்கையில் போட்டுக்கொண்டால் பிள்ளையாருக்கும் குறையில்லை, தாளும் சுத்தம். வக்கீல் மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பரீட்சை மண்டபத்து வாசலில் மைப்பேனாவால் போட்டேன். ஆனால் பயம் வந்தால் எனக்கு முதலில் வேர்ப்பது உள்ளங்கைதான் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. மளமளவென்று எழுதி முடித்துவிட்டுத் தாளிலிருந்து கையை எடுத்தேன். முதல் பக்கத்தில் இடம் வலம் மாறி அச்சடித்தாற்போல ஒரு சுழி. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். தேய்த்ததில் அது தும்பிக்கையும் தொப்பையுமாக முழுப் பிள்ளையாராகவே வளர்ந்துவிட்டது.

கண்ணுக்குள் மெத்தை வந்து நின்றது. எழுந்து நின்றேன். கண்காணிப்பாளர் வந்து தாளைப் பார்த்தார். என் கையையும் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"மை கொட்டிருச்சு, சார்."

"அம்சமாத்தான் கொட்டியிருக்கு. வேற தாள் தாரேன். நேரம் கூட்டித் தர மாட்டேன், பாத்துக்கங்க."

கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு பதிலையும் கேள்வியோடு ஒத்துப் பார்த்துத் திரும்ப எழுதினேன். விட்டுப்போனது ஏதும் உண்டா என்று கேள்வித்தாளைப் புரட்டினேன். பின்பக்கத்திலும் கேள்விகள் இருந்தன. சுழி மட்டும் ஒட்டாமல் இருந்திருந்தால், முடித்துவிட்ட தெம்பில் எல்லாருக்கும் முந்தி எழுந்து வந்திருப்பேன். மணியடிக்கும்போது கடைசி வரி கோணலாக ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே பரளச்சிக்காரன் முதலில் கேட்டது இதைத்தான்: "பின்பக்கம் பாத்தியாலே?"

"பாத்தேன்."

"நீயா?" என்றான். நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "சுழி போட்டுத்தான எழுதுன?"

"போட்டேம்ப்பா."

"அப்ப கெடச்சிரும்."

நேர்முகமும் முடிந்த பிறகு, தபால்காரர் வருகிற வேளையெல்லாம் வாசலுக்கும் கல்லாவுக்குமாக அலைந்தேன். இடம் கிடைத்தது. மெத்தையில் கடைப் பூனை ஏறிப் படுத்துக்கொண்டது. எலி பிடிப்பதில் அதற்கும் கவனம் போதாது என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.