பூங்காவைச் சுற்றிக் காய்ந்த சோளம்

அரியலூரில் நான் ஆபீஸுக்குப் போகும் வழியில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. நாலு பக்கமும் ரோடு, ரோட்டை ஒட்டி வீடுகள். முக்கால்வாசியை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரு பழைய மாடிவீட்டின் மேல்தளத்தின் மீதுதான் எனக்குக் கண். வளைந்த ஜன்னல்களில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி, கை வைத்தால் வழுக்கும் தேக்குக் கைப்பிடி, முகம் தெரிகிற சிவப்புத் தரை, பூங்காவைப் பார்த்தபடி நீளமாக ஒரு பால்கனி. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் சம்பளம் வாங்கியவளும் நான்தான். அழகான வீட்டில் குடியிருக்க ஆசைப்பட எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

கீழ்த்தளத்தில் தனியாக இருந்த வீட்டுக்கார அம்மா லேசில் மசியவில்லை. முன்பு குடியிருந்தவர்கள் சுவரெல்லாம் ஆணி அடித்து, மரப்படியில் சிலிண்டரை உருட்டி, வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் என் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெற்றவர்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார். இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொல்லி வைத்தார்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் ஊரிலிருந்து வரச் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் வருவார்கள் என்று நினைத்து, பழமும் பூவும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்துவிட்டுத் திரும்பினால், பூங்காவைச் சுற்றி ரோடே மஞ்சளாக இருந்தது. மண்டிக்குப் போகும் மக்காச்சோளத்தோடு லோடு ஆட்டோவிலேயே வந்திறங்கி, மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள்.

எங்கள் பக்கம் அறுவடை நாளில் தார் ரோடுதான் களம். வண்டிகள் ஒதுங்கிப் போகும், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இங்கே ஒரு ஸ்கூட்டர்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். வீட்டுக்கார அம்மா வாசலில் கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சோளத்தால் வெட்கமில்லை. வீடு போய்விடுமே என்றுதான் பயம்.

அப்பாவுக்கு அந்தக் கவலையே இல்லை. “ஈரமா இருந்தா மண்டில எடுக்க மாட்டான். ரோடு சும்மாதான கெடக்கு? நிக்காத, காலால கிளறி வுடு” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நானும் சோளத்தில் கால் இழுத்து நடந்தேன். வெயிலில் சூடேறிய மணிகள் விரலிடுக்கில் உருண்டது சுகமாக இருந்தது.

காய்ந்ததும் அப்பா மூட்டை கட்ட, அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். தார் வெடிப்பில் கிடந்த மணிகளைக்கூட விடவில்லை. கூடவே வந்த டீ கப், சருகு, கடலைத்தோல் எல்லாவற்றையும் கூட்டி ஒரு மூலையில் குவித்தாள். நாலு பக்கமும் ரோடு கழுவி விட்ட மாதிரி ஆனது.

வீட்டுக்கார அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

“உங்க பொண்ணும் இப்படித்தான் பெருக்குமா?”

“அவளா? அவ பெருக்குனா குப்ப கட்டிலுக்கடியிலதாங்க கெடக்கும். படிக்கட்டும்னு நாங்க ஒரு வேலையும் வச்சதில்ல.”

தொலைந்தது வீடு என்று நான் பழப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவரோ சிரித்துவிட்டார். “வந்தவங்க எல்லாரும் தங்கமா வச்சுப்போம்னுதான் சொன்னாங்க. நீங்கதான் உண்மையச் சொல்றீங்க. மாசம் ஒருக்கா வந்து வீட்ட நீங்களே பெருக்கிப் பாத்துக்கங்க” என்று சாவியை அம்மா கையில் கொடுத்தார். என்னிடம் அல்ல.

அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு மரப்படியில் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் பால்கனியிலிருந்து சத்தம் வந்தது.

“ஏங்க, இங்கேருந்து பாத்தா நல்லாத் தெரியுது. அந்த வேப்பமரத்தடியில ஒரு கை சோளம் கெடக்கு, அள்ளுங்க.”

அப்பாவுக்கு முன்னால் நான் ஓடிப்போய் அள்ளினேன். நிமிர்ந்து பார்த்தால், என் வீட்டுப் பால்கனியில் என் அம்மா, ரோடு முழுக்கத் தன்னுடையது மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.